பையோடு நட்ட செடிகள்

இன்னும் எட்டுப் பேர் இருக்கிறார்கள், எட்டுப் பேரும் பேசி முடித்தால்தான் தன் பேர் வரும், அதற்குள் கரண்டு போய்விடலாம், மைக்கு கெட்டுப்போகலாம், யாராவது சண்டை கட்டிக் கூட்டத்தைக் கலைத்துவிடலாம், இந்தப் பங்குனி வெயிலில் எங்கிருந்தாவது ஒரு மழைகூட வந்துவிடலாம் என்று மைனாவதி ஒவ்வொன்றாக எண்ணி மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள். மடியில் மூன்று வயது தாரிகா பிஸ்கட்டைத் தின்னாமல் பிட்டுப் பிட்டுச் சேலையில் போட்டுக்கொண்டிருந்தது. கையில் நாலாக மடித்த காயிதம். வேர்வையில் அதன் ஓரம் நனைந்து மை கரைந்து எழுத்தே தெரியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம். போனால் நல்லதுதானே என்று உடனே இன்னொரு நினைப்பு. பிரித்துப் பார்த்தாள். போகவில்லை. குண்டு குண்டாக அப்படியே இருந்தது. எட்டாவது வரைக்கும் போனவள், எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவாள். 'என் நிலத்தில் கல் எடுத்த குழியைச் சுற்றி வேலி அமைத்து, நூற்றிப் பத்து மரக்கன்றுகள் நட்டு, நல்ல முறையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு முழுத் திருப்தி. மீதி ஒன்றரை ஏக்கரிலும் கல் எடுக்க எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை.' இவ்வளவுதான். நேற்றிலிருந்து நாற்பது தடவை படித்தாயிற்று. ஆட்சேபணை என்கிற இடத்தில் மட்டும் ஒவ்வொரு தடவையும் நாக்கு தடுக்கி நின்றுவிடுகிறது. அந்த வார்த்தையை அவள் இதுவரைக்கும் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. யாரிடம் சொல்லியிருக்கிறாள், எதற்குச் சொல்லியிருக்கிறாள். பின்வரிசையிலிருந்து அவள் வீட்டுக்காரன் லோகநாதன் குனிந்து, "சத்தமாப் படிக்கோணும் புள்ள. ரேசன் கடையில அட்டையை நீட்டிக்கிட்டு முணுமுணுத்தயே, அப்படிப் படிச்சா ஒருத்தனுக்கும் கேக்காது" என்றான். அவள் திரும்பாமலே தலையை ஆட்டினாள். அவன் நல்லசிவம் பெரியப்பாவின் டிப்பர் ஓட்டுகிறவன். அந்தக் காயிதத்தை எழுதிக் கொடுத்தது நல்லசிவம் பெரியப்பாவின் ஆபீசில் இருக்கிற கணக்குப்பிள்ளை. கல் எடுத்தது நல்லசிவம் பெரியப்பா. இன்னும் எடுக்கப்போவதும் அவர்தான். நிலம் மட்டும்தான் மைனாவதியுடையது.

மேடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கண்ணாடி போட்ட ஆபீசர் அம்மா, இரண்டு பக்கமும் ஃபைல் வைத்துக்கொண்டு ஆம்பளை ஆபீசர்கள், ஓரத்தில் எழுதிக்கொண்டே இருக்கிற ஒரு பையன். குவாரிக்கு அனுமதி கொடுப்பதற்கு முன்னால் நிலத்துக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்கவேண்டுமாம், அதற்குத்தான் இந்தக் கூட்டம். யார் என்ன பேசினாலும் வீடியோ எடுத்துக்கொள்கிறார்கள். இதே மண்டபத்தில், இதே மேடையில்தான் ஐந்து வருசத்துக்கு முன்னால் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. அன்றைக்கும் வீடியோக்காரன் வந்தான், 'தலையை நிமித்துங்க, சித்தெ சிரிங்க' என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனான். அன்றைக்கு நிமிராமலே காரியம் முடிந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பேசாமலே கல்யாணம்கூட ஆகிவிடுகிறது, ஒரு குழிக்கு எதற்கு இத்தனை பேச்சு. ஆபீசர் அம்மா உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் தாலி கட்டிக்கொண்டாள், அந்தத் தூணுக்குப் பக்கத்தில்தான் அம்மா நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள் என்று நினைத்ததும் அம்மா அங்கேயே நிற்கிற மாதிரித் தோன்றியது. தோன்றியதும் சட்டென்று குனிந்து பிஸ்கட் தூளைத் தட்டினாள். "ஒண்ணாம் நம்பர், சென்னியப்பன்" என்று அந்தப் பையன் கூப்பிட்டான். ஆட்டுக்காரச் சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தான். "சாமி, எனக்கு ரெண்டு ஏக்கருங்க. பழைய குழியில தண்ணி நிக்குதுங்க. அதை மூடறேன் கீடறேன்னு மண்ணைப் போட்டு நெப்பிறாதீங்க. மோட்டாரு வெச்சுத் தண்ணி எறைச்சுக்கறேன். கல்லு எடுக்கறவன் எடுக்கட்டும், தண்ணி எடுக்கறவன் எடுக்கட்டும். அவ்வளவுதானுங்க." பின்னாலிருந்து யாரோ, "அப்பறம் மீன் எடுக்கறவன் எடுக்கட்டும்" என்றான். கூட்டம் சிரித்தது. சென்னியப்பன் திரும்பி, "உனக்கு வலை வாங்கிக் குடுக்கறன்டா, குதிச்சுப் புடி" என்றான். ஆபீசர் அம்மாவே சிரித்துவிட்டாள். பதிவு செய்யப்பட்டது என்றாள். இவ்வளவுதானா, இத்தனை லேசா என்று மைனாவதிக்கு ஒரு நிமிசம் மூச்சு இறங்கியது. அவன் ஆம்பளை. அவன் ஆடு ஓட்டிக்கொண்டு ஊரெல்லாம் கத்திப் பழகினவன். இன்னும் ஏழு பேர்.

ஒரு கெணத்தளவு. அம்மா அப்படித்தான் சொன்னாள். பதினோரு வருசத்துக்கு முன்னால் அப்பா போன மறு மாசம், நல்லசிவம் பெரியப்பா பத்திரத்தோடு வந்து, 'அத்தனையும் பாறை, சோளம்கூட வெளையாது, பத்து வருசத்துக்குக் குடு அம்மிணி, கல்லை எடுத்துட்டு மூடிக் குடுத்தர்றேன்' என்றபோது, அம்மா கைநாட்டு வைத்துவிட்டு மகளிடம் வந்து சொன்னது அதுதான். 'ஒரு கெணத்தளவு தோண்டுவாங்க போல இருக்குது. அப்பறம் மண்ணைப் போட்டு நெப்பிட்டா நம்ம காட்டுல நாமளே சோளம் வெதைச்சுக்கலாம்.' அம்மா பார்த்த குழியெல்லாம் கிணறுதான். அதைவிடப் பெரிய பள்ளத்தை மனுசன் தோண்டுவான் என்று அவளுக்குத் தெரியாது. முதல் வருசம் கிணறாகத்தான் இருந்தது. இரண்டாம் வருசம் ஏரி மாதிரி ஆனது. அப்புறம் எதைப்போல என்று சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. ஓரத்தில் நின்று பார்த்தால் அடியில் வேலை செய்கிற ஆள் கட்டெறும்பு மாதிரித் தெரிவான். மத்தியானம் ஒரு மணிக்கு மூணு விசில், அப்புறம் வெடி. அடுப்பில் வைத்த பால் பாத்திரம் தானாக நகரும். இரண்டு வருசத்துக்கு முன்னால் டவுன் ஆஸ்பத்திரியில் மஞ்சள் காமாலையோடு படுத்துக்கிடந்தபோதும் அம்மா, 'மூடிட்டாங்களா, மூடிட்டாங்களா' என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். 'மூடிட்டாங்கம்மா' என்று மைனாவதி சொன்னாள். பொய்தான். அவள் தைரியமாகச் சொன்ன ஒரே பொய். அம்மா போனதற்கப்புறம் நிலம் இவள் பேருக்கு வந்தது. சென்ற வருசம் குத்தகை முடிந்து கல் எடுக்கிறதை நிறுத்தினார்கள். நிறுத்தினதும் மழை வந்தது, குழியில் தண்ணி ஏறியது. பச்சைத் தண்ணி. காற்றே இல்லாத நாளில் அது கண்ணாடி போட்ட மாதிரி அசையாமல் கிடக்கும். சமையல்கட்டுப் படியிலிருந்து குழி விளிம்பு வரைக்கும் இருபத்து மூணு எட்டு. தாரிகா நடந்தால் அறுபது. இதை அவள் எண்ணி வைத்திருக்கிறாள். ஒரு நாள் அல்ல, பல நாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எண்ணி, இறக்கிவிட்டு அதன் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணி, ஒவ்வொரு தடவையும் கணக்குக் கூடுமா என்று பார்த்து. ஒரு தடவையும் கூடினதில்லை. அதனால்தான் குழந்தையின் காலில் கொலுசு போட்டு, அதில் கூட இரண்டு மணியும் கோத்துவிட்டிருக்கிறாள். மணிச் சத்தம் நின்றால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாள். பெரும்பாலும் அது எருக்குழிப் பக்கத்தில் உட்கார்ந்து மண் தின்றுகொண்டிருக்கும்.

"மூணாம் நம்பர்" என்றது குரல். இரண்டு எப்போது முடிந்தது. மூணாவதாக எழுந்தது பெட்டிக்கடை ராக்கம்மா. அவள் வாய்க்கு ஊரே பயப்படும். "ஆபீசரம்மா, என்ற ஊட்டுச் செவுத்துல கைய உடற அளவுக்கு வெடிப்பு. கேட்டா, 'பழைய ஊடு ஆயா, அப்படித்தான் இருக்கும்'ங்கறாங்க. நானும்தான் பழசு. நான் எங்கயாச்சும் வெடிச்சிருக்கறனா, பாருங்க!" சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. முன்வரிசையில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருந்த நல்லசிவம் பெரியப்பாவும் சிரித்தார். தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அவர் எல்லாவற்றுக்கும் சிரிப்பார், அதுதான் மைனாவதிக்குப் பயம். கத்துகிறவனிடமிருந்து ஒதுங்கிப் போகலாம். சிரிக்கிறவர் கூப்பிட்டால் போய்த்தான் ஆகவேண்டும். அவள் கல்யாணத்துக்குச் சீர் வைத்தது அவர். தாரிகாவுக்கு மொட்டை போட்டுக் காது குத்தினபோது மாமன் முறைக்கு ஆள் இல்லை என்று தன் மகனையே மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னது அவர். லோகநாதன் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன். மாமியார் வீட்டில் உட்கார்ந்து தின்கிறான் என்று ஊர் பேசியபோது டிப்பர் சாவியைக் கொடுத்து அவனை ஆளாக்கினதும் அவர்தான். இத்தனையையும் ஒரு தட்டில் வைத்தால் இன்னொரு தட்டில் எதை வைப்பாள். ஒரு வேலி. வேலி போட்டார்கள்தான். போன மாசம் ஆபீசர்கள் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லி, ரோட்டுப் பக்கம் கல்தூண் நட்டுக் கம்பி கட்டி, 'மறுசீரமைக்கப்பட்ட குவாரி' என்று பச்சை போர்டு வைத்தார்கள். ரோட்டுப் பக்கம் மட்டும். ஜீப் வந்து நிற்கிற இடத்திலிருந்து எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியுமோ அவ்வளவு தூரம். அங்கே கம்பி முடிந்து, கடைசித் தூணில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. வீட்டுப் பக்கம் ஒன்றும் இல்லை. இந்தப் பக்கமும் போடுவீர்களா என்று வேலையாட்களிடம் கேட்க நினைத்து, இரண்டு நாள் மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். மோர்ச் சொம்பைத் திருப்பி வாங்கும்போது கேட்கலாம் என்று இருந்தாள். இரண்டு நாளும் சொம்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். மூணாம் நாள் அவர்கள் வரவில்லை.

பிறகு செடி. செடியை நினைக்கக்கூடாது என்றுதான் காலையிலிருந்து இருக்கிறாள். நினைத்தால் முகத்தில் தெரிந்துவிடும். வேலி போட்ட கையோடு ஒரு டிப்பர் நிறையப் புங்கனும் வேம்புமாகக் கொண்டுவந்து குழியைச் சுற்றி நட்டார்கள். நூற்றிப் பத்து. ஓட்டிக்கொண்டு வந்ததே லோகநாதன்தான். அன்றைக்கு அவளுக்கு எத்தனை சந்தோசம். அம்மாவுக்குச் சொன்ன பொய் பாதியாவது நிசமாகட்டும் என்று குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். ஆபீசர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள். அதற்கு இரண்டாம் நாள் அவிழ்த்துக்கொண்ட ஆடு ஒன்று ஒரு புங்கன் நாற்றைக் கடித்து இழுத்தது. நாற்று முழுசாக வந்துவிட்டது, அடியில் கறுப்புப் பிளாஸ்டிக் பையோடு. பையைக்கூடக் கிழிக்காமல் குழிக்குள் இறக்கி மேலே மண்ணைத் தள்ளியிருந்தார்கள். பைக்குள் வேர் வெளியே போக வழியில்லாமல் சுற்றிச் சுற்றிக் கொண்டை போட்டுக் கிடந்தது. பாவம், மறந்துபோய் நட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். சாயங்காலம் லோகநாதனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். 'மறந்தெல்லாம் உடலை புள்ள. அப்படித்தான் நடறது. அடுத்த குவாரிக்கு ஆபீசர் வந்தா அங்க கொண்டுபோய் வெக்கோணுமில்ல? இதே செடியை நாலு எடம் ஏத்தி எறக்கியிருக்கறேன் நானு. ஒண்ணு ரெண்டு பட்டுப்போகும், மாத்திக்குவோம்.' ஏதோ கடையில் வாடகைப் பாத்திரம் எடுக்கிற மாதிரிச் சொன்னான். அடுத்த நாள் விடியக்காலம் அவன் வண்டிக்குப் போனதும், ஒரு பழைய பிளேடை எடுத்துக்கொண்டு போனாள். தைரியம் இல்லை அது. கோபமும் இல்லை. கட்டிப்போட்ட கால் மாதிரி அந்த வேரைப் பார்த்துவிட்டு வந்து தோசை சுட முடியவில்லை, அவ்வளவுதான். ஒரு செடியைத் தோண்டி, பையைக் கீறி உருவி, மறுபடி நட்டு மண் அணைத்தாள். அன்றைக்கு மூணு. மறு நாள் ஐந்து. குழந்தை எழுந்திரிப்பதற்குள் வந்துவிடுவாள். உருவின பைகளைத் தண்ணி காய வைக்கிற அடுப்பில் போட்டாள், நாற்றம் எடுத்தது, அப்புறம் சாணிக்கு அடியில் புதைத்தாள். முப்பத்திரண்டு செடி ஆயிற்று. அதோடு நின்றிருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் பாழாய்ப்போன செடிக்கு வாய் இல்லையே தவிர இலை இருக்கிறதே. அந்த முப்பத்திரண்டும் செம்பு நிறத்தில் கொழுந்து விட்டுவிட்டது. மிச்சம் எழுபத்தெட்டும் மஞ்சளாகத் தொங்குகிறது. கண் இருக்கிறவன் யார் பார்த்தாலும் கேட்பான்.

"அம்மிணி." அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்லசிவம் பெரியப்பா நாற்காலி வரிசைக்கு நடுவில் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு வந்து நின்றிருந்தார். அவள் எழப்போனாள். "உக்காரு கண்ணு, உக்காரு. என்ன, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது? காப்பி குடிச்சயா?" தாரிகாவின் கன்னத்தைக் கிள்ளினார். "இவ உன்னாட்ட இல்லை, எங்க அம்மாவாட்டம் இருக்கறா. நல்லா வாயாடுவா பாரு." பிறகு அவள் கையிலிருந்த காயிதத்தைப் பார்த்து, "பயப்படாதே. போற, படிக்கற, கையெழுத்துப் போடற, வர்ற. பெரியப்பன் மொத வரிசையில இருக்கறன். என்ற மூஞ்சியைப் பாத்துப் படி" என்றார். லோகநாதன் பின்னால் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டான். அவனிடம் திரும்பி, அவள் அங்கே இல்லாத மாதிரி, "கூட்டம் முடிஞ்சதும் வண்டியை எடுத்துக்கிட்டு நேரா உங்க காட்டுக்குப் போயிரு. செடியெல்லாம் எடுத்து ஏத்திரோணும். நாளைக்கு வெள்ளனே மேக்கால குவாரிக்கு ஆபீசருங்க வாராங்களாம். ஆளு நாலு பேர அனுப்பறேன். பாத்து எடு, பை கிழிஞ்சிறப்போகுது" என்றார். "செரிங்க மாமா" என்றான் லோகநாதன். அவர் போய்விட்டார். மைனாவதிக்குக் காதுக்குள் கொய்ங் என்றது. இன்றைக்கா. இன்றைக்கே பொழுதோடவா. அவர்கள் மண்வெட்டியால் ஒரு குத்துக் குத்தித் தூக்குவார்கள், பை வராது. வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும், இழுத்தால் அறும். முதல் செடியில் ஏதோ தவறு என்பார்கள். இரண்டாவதில் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்ப்பார்கள். மூணாவதில் வீட்டுப் பக்கம் திரும்புவார்கள். இவளை விட்டால் அங்கே குடியிருக்கிறது யார். முதலில் லோகநாதனைத்தான் கேட்பார்கள். அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று அவன் சொன்னால் நம்பமாட்டார்கள், தெரியும் என்று சொன்னால் வேலை போகும். அப்புறம் வீட்டுக்குள் வருவான். வந்து என்ன செய்வான். ஐந்து வருசத்தில் ஒரே ஒரு தடவைதான் கை நீட்டியிருக்கிறான், அதுவும் மறு நாள் ஜிலேபி வாங்கி வந்தான். அடிப்பது கூடப் பரவாயில்லை. பேசாமல் இருந்துவிட்டால். பை உருவின கதையை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தால். கையிலிருக்கிற காயிதத்தைப் படித்துவிட்டால் பெரியப்பா மனசு குளிர்ந்து செடிக் குற்றத்தை மன்னித்துவிடுவார், அதுதான் வழி, நன்றாகச் சத்தமாகத் திருத்தமாகப் படித்துவிட வேண்டும் என்று தீர்மானித்தாள். தீர்மானித்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மறு நிமிசமே அந்த ஆறுதலில் ஒரு ஓட்டை விழுந்தது. படித்துவிட்டால் மீதி ஒன்றரை ஏக்கரும் போகும். அந்த ஒன்றரை ஏக்கரில்தான் வீடு இருக்கிறது.

'ஊட்டை ஒண்ணும் தொடமாட்டோம்' என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். வீட்டை விட்டுவிட்டுச் சுற்றிலும் எடுப்பார்களாம். மேப்பு போட்டுக் காட்டினார்கள். மேப்பில் வீடு ஒரு சின்னக் கட்டம். அதைச் சுற்றி மூணு பக்கமும் கோடு கோடாகப் போட்டிருந்தது, நாலாம் பக்கம் ஏற்கெனவே தண்ணி. இருபத்து மூணு எட்டு ஒரு பக்கத்துக்குத்தான். இனிமேல் எந்தப் பக்கத்துக்கு எண்ணுவாள். கொலுசுச் சத்தம் நின்றால் எந்தத் திசைக்கு ஓடுவாள். இரண்டு காலும் நாலு திசைக்கு ஓடுமா. லோகநாதன் இரண்டு வருசத்தில் டவுனுக்குக் குடி போய்விடலாம் என்கிறான். இரண்டு வருசம் என்றால் எத்தனை நாள், நாளுக்கு எத்தனை தடவை குழந்தை படியிறங்கும். தாரிகா இப்போதே வெடி விளையாட்டு விளையாடுகிறது. மேற்குக் குவாரியில் வெடி வைக்கிறதைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறது. பொம்மையைத் தரையில் வைத்து, வாயைக் குவித்து மூணு தடவை ஊதி, காதைப் பொத்திக்கொண்டு ஓடும். எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்று பார்க்காது. ஓடுவதுதான் அதற்கு விளையாட்டு. "ஆறாம் நம்பர்." அய்யோ, ஆறா. ஆறாவது ஆள் வெள்ளைச் சட்டைக்காரர், குழியில் மீன் விட்டால் ஊராட்சிக்கு வருமானம் என்று நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஏழாவது ஒரு படித்த பையன், எத்தனையோ சட்டம், எத்தனையோ மீட்டர் என்று வேகவேகமாக வாசித்தான், நல்லசிவம் பெரியப்பா அவனுக்கும் சிரித்தார். தாரிகா, "அம்மா, மூச்சா" என்றது. எழுந்து வெளியே போய்விடலாம். போனால் ஒன்பதாம் நம்பரைக் கூப்பிடும்போது ஆள் இல்லை என்று பத்தாம் நம்பருக்குப் போய்விடுவார்கள். அய்யோ, என்ன நல்ல வழி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தே விட்டாள். லோகநாதன், "எங்க போற? இன்னும் ஒரு ஆளுதான். எங்கிட்டக் குடு, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று குழந்தையைக் கைநீட்டி வாங்கிக்கொண்டான். இடுப்பு லேசாகிவிட்டது. லேசானதும் கால் இரண்டும் நடுங்குவது தெரிந்தது. இத்தனை நேரம் குழந்தையின் கனம்தான் அதை அழுத்திப் பிடித்திருந்திருக்கிறது.

"ஒன்பதாம் நம்பர். நிலத்தின் உரிமையாளர். மைனாவதி." உரிமையாளர் என்று அந்தப் பையன் சொன்னது யாரையோ என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். எல்லாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடந்தாள். மண்டபம் இத்தனை நீளமா. நடுவில் விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தில் செருப்பு சத்தமே போடவில்லை. தான் நடக்கிறோமா நிற்கிறோமா என்றே தெரியவில்லை. மைக்கு அவள் உயரத்துக்குமேல் இருந்தது. ஒரு ஆள் வந்து அதைக் கீழே இறக்கிவிட்டுப் போனான். முன்வரிசையில் பெரியப்பா தலையை ஆட்டினார். காயிதத்தைப் பிரித்தாள். 'என் நிலத்தில்' என்று படித்தாள். அந்தச் சத்தம் நாலு மூலையிலிருந்தும் திரும்பி வந்தது. தன் குரல் இப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. வேறு யாரோ, கொஞ்சம் தடித்த குரலில், என் நிலத்தில் என்று சொல்கிற மாதிரி இருந்தது. அடுத்த வார்த்தை வேண்டும். வேலி என்கிற எழுத்து கண்ணில் பட்டது. அதைத் தாண்டிப் போக வரவில்லை. யாரோ இருமினார்கள். "படிங்கம்மா, பரவால்ல" என்றாள் ஆபீசர் அம்மா. மைனாவதி காயிதத்தை மடித்தாள். ஏன் மடிக்கிறோம் என்று தெரியாமலே மடித்தாள். "இது நான் எழுதுனது இல்லைங்க" என்றாள்.

"அப்ப உங்க அபிப்பிராயத்தைச் சொல்லுங்க" என்றாள் ஆபீசர் அம்மா. அபிப்பிராயம். அது எங்கே இருக்கிறது என்று தேடினாள். பெரியப்பா முகத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தாள், பார்த்தாள். சிரிப்பு இருந்தது, ஆனால் ஆணியில் மாட்டின சட்டை மாதிரிச் சும்மா தொங்கியது. "எங்க ஊட்டுப் பக்கம் வேலி இல்லைங்க" என்றாள். அதற்கு மேல் என்ன. "ரோட்டுப் பக்கம் மட்டும் போட்டாங்க. செடியைப் பையோட நட்டிருக்குதுங்க. இன்னைக்குப் பொழுதோட எடுத்துட்டுப் போயிருவாங்க. எங்கிட்டப் புள்ளை இருக்குதுங்க." மூச்சு வாங்கியது. "மிச்ச நெலத்தை நான் குடுக்கலைங்க." பின்னால் ராக்கம்மா, "அட என்ற சாமி!" என்றது கேட்டது. யாரோ 'ஊமை பேசிருச்சுடா' என்றான். கூட்டம் சலசலத்தது. ஆபீசர் அம்மா கண்ணாடியைக் கழற்றி அவளை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னாள். அவர் ஃபைலைப் புரட்டினார். "பதிவு செய்யப்பட்டது. இன்னைக்கே எடம் போய்ப் பாக்கச் சொல்றேன். இதுல கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கம்மா."

எழுதுகிற பையன் நோட்டைத் திருப்பி வைத்து, அவள் சொன்னதை எழுதியிருந்த இடத்துக்குக் கீழே விரலைக் காட்டினான். அவள் சொன்னது வெறும் நாலு வரியாக இருந்தது. அதில் ஆட்சேபணை என்கிற வார்த்தை இருந்தது, அவள் சொல்லாமலே அவன் எழுதியிருந்தான். அவன் கொடுத்த பேனா எழுதவில்லை. இரண்டு கோடு கிறுக்கினாள், எழுதவில்லை. பையன் சட்டைப்பையைத் தடவினான். மேடைக்குக் கீழே முன்வரிசையிலிருந்து நல்லசிவம் பெரியப்பா எழுந்தார். யாருக்கு என்ன குறை என்றாலும் முதலில் எழுந்து பழகின மனுசன். சட்டைப்பையிலிருந்து தன் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். "இந்தா அம்மிணி." அவள் வாங்கினாள். வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, பெரியவர் கொடுக்கிறதை எப்படி வேண்டாம் என்பது. குனிந்து, எழுத்துக்கூட்டி, மெதுவாக, மைனாவதி என்று ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். எழுத்து எப்படியோ நேராகத்தான் விழுந்தது. "இந்தாங்க பெரிப்பா" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் இன்னும் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். ஆனால் பேனாவில் மாட்டப்போன மூடி ஒரு தடவை தப்பி, இரண்டு தடவை தப்பி, மூணாவது தடவைதான் மாட்டிக்கொண்டது. அவருக்கும் பயம். அதைப் பார்த்ததும்தான் மைனாவதிக்கு நிசமான பயம் வந்தது.